பழந்தலைநகரில் ஒரு பகல்

ஒரு நகரை அறிய விரும்புவோர் அதன் ஆலயங்களையும் அரண்மனைகளையும் தேடிச் செல்வது வழக்கம். அந்நகரத்து மக்கள் நாள்தோறும் ஏறி இறங்கும் பஸ் வண்டியில் ஒரு பகல் முழுவதும் நின்றும் இருந்தும் பிரயாணஞ் செய்வது மற்றொரு வழி. முன்னையது நகரின் பழைமையைக் காட்டும். பின்னையது அப்பழைமையோடு மனிதர் எவ்வாறு குடித்தனம் நடத்துகின்றனர் என்பதைக் காட்டும். யப்பானின் பழந்தலைநகராகிய கியோட்டோவில் இவ்விரு வழிகளும் பிரிக்கவொண்ணாதபடி ஒன்றாகிவிட்டன. அங்கே பன்னூறு ஆண்டுப் பழைமை வாய்ந்த கோவிலின் வாயிலுக்குப் பயணியை இட்டுச்செல்லும் வண்டியே, அவ்வூர் முதியவரை வைத்தியசாலைக்கும், மாணவரைப் பல்கலைக்கழகத்துக்கும், இல்லத்தரசியைச் சந்தைக்கும் இட்டுச்செல்கின்றது. இந்த நெருக்கத்தினுள்ளேதான் இன்று அந்நகரை வருத்தும் வினாவும் பிறக்கின்றது: பழைய நகரம் யாருக்கு உரியது?

கி.பி. 794ஆம் ஆண்டிலே கம்மு என்னும் பேரரசர் இந்நகரைத் தலைநகராக அமைத்தார். சீனத்தின் சாங்-ஆன் மாநகரை முன்மாதிரியாகக் கொண்டு, சதுரங்கப் பலகையைப்போல நேர்வீதிகள் குறுக்கும் நெடுக்குமாக வகுக்கப்பட்டன. வடக்கிலும் கிழக்கிலும் மேற்கிலும் மலைகள் சூழ, தெற்கு மட்டும் திறந்திருக்கும் சமவெளி அது. 1869இல் பேரரசர் டோக்கியோவுக்குக் குடிபெயரும் வரை ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அரசிருக்கை இங்கேயே இருந்தது. அந்த ஒழுங்கின் சுவடு இன்றும் முகவரிகளில் எஞ்சியுள்ளது. வீட்டு முகவரி சொல்லும்போது, ஒரு சந்தியிலிருந்து வடக்கே போவதை 'ஏறுதல்' என்றும், தெற்கே போவதை 'இறங்குதல்' என்றும் குறிப்பர். அரண்மனை வடக்கில் இருந்தமையே இதற்குக் காரணம். நகரின் கிழக்குப் பகுதிக்கு 'இடத் தலைநகர்' என்றும் மேற்குப் பகுதிக்கு 'வலத் தலைநகர்' என்றும் பொருள்படும் பெயர்கள் வழங்குகின்றன. வரைபடத்தைக் கையிலே விரித்துக்கொண்டு நிற்கும் அந்நியருக்கு இது தலைகீழாகத் தோன்றும். தென்முகம் நோக்கி அரியணையில் அமர்ந்திருந்த பேரரசரின் இடக்கையும் வலக்கையுமே அப்பெயர்களைத் தந்தன என்று அறியும்போது மயக்கம் நீங்கும். அரசர் போய் ஒன்றரை நூற்றாண்டு கழிந்த பின்னரும் தபாற்காரர் அவருடைய இருக்கையிலிருந்தே திசையறிகின்றார்!

கியோட்டோவின் புகையிரத நிலையம் பழைமையை நாடி வருபவரை முதலில் ஏமாற்றவே செய்யும். 1997இல் திறக்கப்பட்ட, ஹரா ஹிரோஷி என்னும் கட்டடக் கலைஞரின் ஆக்கமான அது, இரும்பும் கண்ணாடியுமாக எழுந்து நிற்கும் பெருங்கூடம். அதன் எதிரே 1964இல் எழுப்பப்பட்ட 131 மீற்றர் உயரக் கோபுரம் நிற்கின்றது. இரண்டும் எழுந்த காலங்களிலே 'நகரின் முகம் கெட்டது' என்ற கண்டனம் பலமாக ஒலித்தது. 2007இல் மாநகரசபை புதிய காட்சிக் கொள்கையொன்றை வகுத்து, நகர மத்தியில் கட்டடங்களின் உயர வரம்பை 45 மீற்றரிலிருந்து 31 மீற்றராகக் குறைத்தது. கூரைமேல் விளம்பரங்களையும் தடைசெய்தது. பழைமையைக் காத்தல் இங்கே வெறும் உணர்ச்சியாக நில்லாது, உள்ளூராட்சிச் சட்டமாகவும் அமைந்துள்ளது என்பது மனங்கொள்ளத்தக்கது.

நிலையத்தின் முன்னே பஸ் வண்டிகளின் தரிப்பிடங்கள் வரிசையாக அமைந்துள்ளன. மாநகரசபை 1928ஆம் ஆண்டு முதல் பஸ் சேவை நடத்தி வருகின்றது. வண்டியின் பின்வாசலால் ஏறி, முன்வாசலால் இறங்குவதே பெரும்பாலான வழிகளில் முறை. நகரின் உட்பகுதியில் எவ்வளவு தூரம் சென்றாலும் கட்டணம் 230 யென். அதனை இறங்கும்போது சாரதியின் அருகிலுள்ள பெட்டியில் இடவேண்டும். மீதிப்பணம் கிடையாது, முன்னரே சில்லறை மாற்றிக்கொள்ள வேண்டும். நடத்துனர் இல்லை. ஏறும்போது ஒருவரும் எதுவும் கேட்பதில்லை. இறங்கும்போது தாமே செலுத்துவர் என்ற நம்பிக்கையின்மேல் வண்டி ஓடுகின்றது. உள்ளே பேச்சொலி தாழ்ந்திருக்கும். சாரதி ஒவ்வொரு தரிப்பிடத்தின் பெயரையும் ஒலிவாங்கியிற் சொல்கிறார்; வண்டி முற்றாக நின்ற பின்னரே எழுந்திருக்குமாறு முதியோரை வேண்டுகிறார்.

206ஆம் இலக்க வண்டி நகரின் கிழக்கு மலையடிவாரத்தை ஒட்டிச் செல்வது. காலையில் அதில் ஏறும் பயணி முதலில் இறங்குவது சன்ஜூசங்கெந்தோ மண்டபத்துக்கு அருகில். 1164இல் நிறுவப்பட்டு, 1249இல் தீக்கிரையாகி, 1266இல் மீண்டெழுந்த மண்டபம் அது. ஏறத்தாழ 120 மீற்றர் நீளமான அந்த மரமண்டபத்தின் நடுவே ஆயிரங்கைக் கன்னொன், அதாவது அவலோகிதேசுவரர், பேருருவாய் அமர்ந்திருக்கிறார். அவரின் இருபுறமும் ஆளுயர உருவங்கள் ஆயிரம் அணிவகுத்து நிற்கின்றன. பொன்முலாம் மங்கிய அம்முகங்களிலே ஒன்றுபோல் மற்றொன்று இல்லை என்பர். அவற்றுள் 124 உருவங்கள் பழைய தீயிலிருந்து மனிதர் தோளில் சுமந்து காத்தவை.

தமிழ் வாசகரை இங்கே கூடுதலாக நிறுத்தி வைப்பது முன்வரிசையாகும். காவல் தேவர் இருபத்தெண்மர் அங்கே நிற்கின்றனர். காற்றுத் தேவனும் இடித் தேவனும் இரு கோடிகளிலும் நிற்கின்றனர். யப்பானியப் பெயர்களின் உள்ளே சென்று பார்த்தால் பிரமனும், இந்திரனும், நாராயணனும், கருடனும் தென்படுகின்றனர். பாரதத்திலே தோன்றி, பௌத்த நூல்களோடு நடு ஆசியாவையும் சீனத்தையும் கொரியாவையும் கடந்து வந்த தேவர்கள் அவர்கள். கருடன் இங்கே குழலூதுகின்றான். வழிநெடுக உடையும் முகமும் மாறிவிட்டன. பெயர்களின் ஒலியும் தேய்ந்து உருமாறிற்று. ஆயினும் வந்த இடத்தில் அவர்கள் அந்நியராக நிற்கவில்லை. ஊர் அவர்களைக் குடியேற்றிக்கொண்டது.

மீண்டும் அதே இலக்க வண்டியில் சில தரிப்பிடங்கள் வடக்கே சென்று இறங்கி, மட்பாண்டக் கடைகள் நிறைந்த ஏற்றத்தில் பத்து நிமிடமளவு நடந்தால் கியோமிசு கோவில். 'தெளிந்த நீர்' என்பது அப்பெயரின் பொருள். 778இல் தோன்றியதாக மரபு கூறும் அக்கோவிலின் இன்றைய பெருமண்டபம் 1633இல் எழுந்தது. மலைச்சரிவிலிருந்து 13 மீற்றர் உயரத்தில், பெருந்தூண்கள் தாங்க, அந்தரத்தில் நீளும் மரமேடை அதன் சிறப்பு. துணிந்து ஒரு முடிவை மேற்கொள்வதை 'கியோமிசு மேடையிலிருந்து குதித்தல்' என்று யப்பானியர் கூறுவர். முன்னாளிலே நேர்த்தியின் பேரால் மெய்யாகவே குதித்தவர்கள் உண்டு. 1872இல் அது தடைசெய்யப்பட்டது. 2020இல் மண்டபத்தின் மரப்பட்டைக் கூரை முழுவதும் புதிதாக வேயப்பட்டு நிறைவெய்தியது. பழைமையின் கூரை இத்துணை இளமையானது என்பதைப் பார்ப்பவருட் பலர் அறியார்.

கோவிலிலிருந்து இறங்கி வந்து தரிப்பிடத்தில் நிற்கும்போதுதான் பகலின் முதற் சங்கடம் எதிர்ப்படுகின்றது. வரிசை நீண்டிருக்கும். வண்டி வரும்; நிறைந்து வரும். பெரிய பயணப் பெட்டிகளோடு நிற்போர் வாசலையும் நடைவழியையும் அடைத்திருப்பர். வரிசையிலே, காய்கறிப் பையை மடியில் அணைத்தபடி ஒரு மூதாட்டி காத்திருப்பார். ஒரு வண்டியை விடுவார், அடுத்ததையும் விடுவார். முகத்தில் கோபம் தெரியாது. மூன்றாவது வண்டியும் நிறைந்தே வருமாயின் மெல்லத் திரும்பி நடக்கத் தொடங்குவார். அவரை எவரும் தள்ளவில்லை, அவமதிக்கவுமில்லை. உள்ளே நிற்கும் ஒவ்வொருவரும் முறைப்படி கட்டணம் செலுத்தியவரே. எனினும் ஒரு நகரத்தவர் தம் நகரத்து வண்டியில் இடமின்றி நடந்து போகிறார். இக்காட்சியைக் கண்ணாடியூடே ஒருமுறை கண்டவருக்கு அதன்பின் தம் ஆசனம் அத்துணை சுகமாக இராது.

இதனை மாநகரசபை அறியாதிருக்கவில்லை. ஒரு நாள் முழுவதும் எத்தனை முறையும் ஏறி இறங்க வல்ல பஸ் சீட்டு நெடுங்காலம் விற்கப்பட்டு வந்தது. உல்லாசப் பயணிகள் அதனையே பெரிதும் விரும்பினர். 500 யென்னாக இருந்த அதன் விலை 2018இல் 600 ஆகவும், 2021இல் 700 ஆகவும் உயர்த்தப்பட்டது. கூட்டம் குறையாமையால் 2023 செப்தெம்பருடன் அதன் விற்பனையும், 2024 மார்ச்சுடன் பாவனையும் நிறுத்தப்பட்டன. நிலத்தடிப் புகையிரதத்துக்கும் பஸ்ஸுக்கும் பொதுவான 1,100 யென் சீட்டு தொடர்ந்தும் வழங்கப்பட்டது. கூட்டத்தை வீதியிலிருந்து நிலத்தின் கீழ் அனுப்புவதே நோக்கம். 2024 ஜூன் முதல் வார இறுதியிலும் விடுமுறைகளிலும், சுற்றுலாத் தலங்களில் மட்டும் நிற்கும் விரைவு வண்டிகள் 500 யென் கட்டணத்தில் ஓடத் தொடங்கின. அவ்வாண்டின் தொடக்கத்தில் தெரிவான நகரபிதா, நகரத்தவருக்குக் குறைந்த கட்டணம் என்பதைத் தம் தேர்தல் வாக்குறுதிகளுள் ஒன்றாகவே வைத்திருந்தார்.

கியோமிசுவிலிருந்து படிகள் அமைந்த பழந்தெருக்கள் வழியே வடக்கே நடந்தால் கியோன் பகுதி வரும். இப்பெயருக்கும் ஈழநாட்டுக்கும் எதிர்பாராத ஓர் உறவுண்டு. புத்தர் மழைக்காலங்களிலே தங்கிய ஜேதவனம், சீன எழுத்தில் வடிவு பெற்று, யப்பானிய நாவில் 'கியோன்' ஆயிற்று. அனுராதபுரத்துச் செங்கல் மலையாகிய ஜேதவனாராமம் தாங்கி நிற்பதும் அதே பெயரையே. கியோன் இன்று ஆடல்பாடலில் தேர்ந்த நங்கையர் வாழும் தெருக்களுக்காகவே பெயர் பெற்றது. அந்நங்கையரைப் படம்பிடிக்கப் பின்தொடர்வோரின் தொல்லை பொறுக்க முடியாமல், அங்குள்ள தனியார் ஒழுங்கைகளில் வெளியார் நுழைவதை 2024இல் அப்பகுதியினர் தடுத்தனர். வாசலிற் பூந்தொட்டி வைத்து, கதவை அரைவாசி திறந்து வாழ்ந்த மக்கள் அறிவித்தற்பலகை நாட்டும் நிலைக்கு வந்தனர். பலகையைப் படித்த பயணி ஒழுங்கையின் வாயிலில் நின்று விலகி, வடக்குப் புறத்திலுள்ள நிலத்தடி நிலையத்தை நோக்கிச் செல்கிறார்.

கியோட்டோவிலே நிலத்தைத் தோண்டுவது எளிய காரியமன்று. மண்வெட்டி படுமிடமெல்லாம் பண்டைய நகரின் எச்சங்கள் வெளிப்படும். அகழ்வாய்வாளர் வேலை முடிந்த பின்னரே சுரங்கம் அமைப்போர் வேலை தொடங்கும். இவ்வாறு, வடக்குத் தெற்கான முதல் வழி 1981இலும், கிழக்கு மேற்கான இரண்டாவது வழி 1997இலும் திறக்கப்பட்டன. இரண்டாவது வழியில் கிழக்கு நோக்கிச் செல்லும் வண்டி பயணியைக் கேயாகே என்னும் நிலையத்தில் இறக்கிவிடும். வழிகாட்டி நூல்கள் ஓரிரு வரிகளிலே கடந்துபோகும் இவ்விடம், கியோட்டோவின் மறுபிறப்பு நிகழ்ந்த இடமாகும்.

பேரரசர் டோக்கியோவுக்குச் சென்றபோது அரச குடும்பத்தார், அதிகாரிகள், அவர்களை நம்பி வாழ்ந்த வணிகர், கைவினைஞர் எனப் பலரும் உடன்சென்றனர். மக்கட்டொகை குன்றியது, தொழில்கள் நலிந்தன. 'இனி இது வெறும் பழைய ஊர்' என்ற நிலை வந்தது. அவ்வேளை ஆளுநராயிருந்த கிதகாகி குனிமிச்சி, மலைக்கு அப்பாலுள்ள பிவா ஏரியின் நீரைச் சுரங்கக் கால்வாய் வழியே நகருக்குக் கொணரத் திட்டமிட்டார். அப்பெரும்பணியை அவர் ஒப்படைத்தது, அக்கால்வாயையே பொருளாகக் கொண்டு ஆய்வுக்கட்டுரை எழுதி, அப்போதுதான் பொறியியற் கல்லூரியை விட்டு வெளியேறிய தனாபே சகுரோ என்னும் இளைஞரிடம். 1885இல் வேலை தொடங்கியது. அந்நிய நாட்டுப் பொறியியலாளரை நம்பியிருந்த காலத்தில், ஏறத்தாழ இரண்டரைக் கிலோமீற்றர் நீளமான மலைச்சுரங்கத்தை யப்பானியரே குடைந்து முடித்தனர். 1890இல் ஏரிநீர் நகரை அடைந்தது. பணியிலே உயிர்நீத்தோருக்குத் தனாபே பின்னாளில் சொந்தச் செலவில் கேயாகேயில் நினைவுக்கல் நாட்டினார்.

பணி நடந்துகொண்டிருந்தபோதே தனாபே அமெரிக்கா சென்று, நீர்வலுவால் மின்சாரம் பிறப்பிப்பதை நேரிற் கண்டார். திரும்பி வந்ததும், ஆலைச்சக்கரங்களைச் சுழற்றவென எண்ணியிருந்த நீரை மின்சாரமாக்குமாறு திட்டத்தை மாற்றினார். 1891இல் கேயாகே மின்நிலையம் இயங்கத் தொடங்கிற்று. அம்மின்சாரத்தைக் கொண்டு 1895 பெப்ரவரியில், புகையிரத நிலையத்தருகிலிருந்து தெற்கே ஃபுஷிமி வரை டிராம் வண்டி ஓடியது. யப்பானில் பொதுமக்களை ஏற்றி ஓடிய முதல் மின்சார டிராம் அதுவே. நாட்டின் பழைய தலைநகர் என்று பெருமை பேசிய ஊர், நாட்டின் மிகப் புதிய வண்டியை முதலில் ஓட்டியது. இவ்விரண்டுக்கும் முரணில்லை, அந்த வண்டி ஓடியிராவிடின் இன்று காண்பதற்குப் பழைய தலைநகர் எஞ்சியிருக்குமோ என்பதே ஐயம்.

கேயாகேயிலிருந்து நன்சென்ஜி கோவில் சில நிமிட நடை. கோவில் வளவின் உள்ளேயே செங்கல் வளைவுகள் தாங்கிய நீர்ப்பாலம் ஒன்று செல்கின்றது, 1888இல் கட்டப்பட்டது. தவச்சாலையின் அமைதியைக் குலைக்க வந்த மேனாட்டுப் பூதம் என்றே அன்று அதனைக் கண்டித்தனர். நூறாண்டுப் பாசி அச்செங்கல்லைப் போர்த்திவிட்டது. இன்று மணப்பெண்கள் அதனடியில் நின்று படமெடுக்கின்றனர். 2025இல் கால்வாயின் சுரங்கங்களோடும் கேயாகேச் சரிவுப் பாதையோடும் அப்பாலமும் தேசியப் பொக்கிஷமாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது. ஒரு தலைமுறையின் அலங்கோலம் இன்னொரு தலைமுறையின் அழகாதல் இவ்வாறுதான். நீர் இன்னும் அதன்மேல் ஓடுகின்றது. நகரத்தார் குடிப்பதும் அவ்வேரியின் நீரையே. அதற்காகக் கியோட்டோ நகரம், ஏரி அமைந்துள்ள ஷிகா மாகாணத்துக்கு 'நன்றிப் பணம்' என்ற பெயரில் ஆண்டுதோறும் ஒரு தொகை செலுத்தி வருகின்றது. உரிமை, விலை என்ற சொற்களை விடுத்து, நன்றி என்ற சொல்லைக் கணக்கேட்டில் எழுதியமை சிந்திக்கத்தக்கது.

கால்வாயின் கிளையொன்று இங்கிருந்து வடக்கே செல்கின்றது. நகரத்து ஆறுகள் தெற்கு நோக்கி ஓட, இந்நீர் மட்டும் எதிர்த்திசையில் ஓடுகின்றது. அதன் கரையில் இருமருங்கும் செரி மரங்கள் நிழலிடும் ஏறத்தாழ இரண்டு கிலோமீற்றர் நடைபாதைக்கு 'மெய்யியலாளர் பாதை' என்பது பெயர். கியோட்டோப் பல்கலைக்கழகத்திலே பேராசிரியராயிருந்த நிஷிதா கிதாரோ சிந்தித்தவாறு உலாவிய வழி அது. மின்சாரத்துக்கும் பாசனத்துக்குமென வெட்டிய வாய்க்கால், மெய்யியலுக்கும் இடமளித்தது.

பாதையின் முடிவில் வெள்ளிமாடம் எனப்படும் கின்காக்கு. 1467இல் தொடங்கிப் பத்தாண்டுகள் நீடித்த ஓனின் யுத்தம் இந்நகரைச் சாம்பலாக்கிய பின்னர், அதிகாரமிழந்த யோஷிமசா என்னும் ஷோகுன் 1482 முதல் இங்கே தம் மாளிகையை அமைத்தார். பெயரில் உள்ள வெள்ளி சுவரில் இல்லை. கருத்த மரமும், வெண்மணற் குவியலும், குளமுமே உள்ளன. 'கடந்த யுத்தம்' என்று கியோட்டோவாசி சொன்னால் அவர் ஓனின் யுத்தத்தையே கருதுகிறார் என்று மற்றை ஊரார் கேலி செய்வதுண்டு. அழிவை ஐந்நூறு ஆண்டுகள் நினைவில் வைத்திருக்கும் ஊருக்கு அக்கேலி ஒருவகைப் பாராட்டே.

வெள்ளிமாடத்திலிருந்து பொன்மாடத்துக்கு 204ஆம் இலக்க வண்டி செல்கின்றது. 200களில் இலக்கமிட்ட இத்தகைய வட்டவழி வண்டிகள் பெரும்பாலும் பழைய டிராம் தடங்களையே பின்பற்றுகின்றன. கிழக்கிலிருந்து வடக்கைச் சுற்றி மேற்கே போகும் இந்நீண்ட வழியில் உல்லாசப் பயணிகள் குறைவு. பாடநூலில் தலைகவிழ்ந்து உறங்கும் மாணவர், மருந்துப் பொதியை ஏந்திய முதியவர், பிள்ளையை முன்னே கட்டிய தாய் என வண்டி ஊர்மக்களால் நிறைகின்றது. கூட்டம் மிகுந்த வண்டியில் தாம் ஒரு சுமையென உணர்ந்த பயணி, இங்கே ஒரு விருந்தினராக உணர்கிறார். ஊன்றுகோலோடு ஒருவர் ஏறுகையில் எழுந்து இடங்கொடுக்கிறார். அம்முதியவர் தலைதாழ்த்தி நன்றி சொல்கிறார். இறங்கும்போது மீண்டும் திரும்பித் தலைதாழ்த்துகிறார். இருவருக்கும் பொதுவான மொழியில்லை. ஆயினும் பேசவேண்டியது அவ்வளவிலேயே பேசப்பட்டுவிடுகின்றது.

1397இல் யோஷிமிட்சு என்னும் ஷோகுன் எழுப்பிய பொன்மாடம், ஓனின் யுத்தத்தையும் தப்பி, 1950 ஜூலை 2ஆம் நாள் அதிகாலையில் எரிந்தது. தீ வைத்தவர் அக்கோவிலிலேயே பயின்ற இளந்துறவி. மிஷிமா யுகியோ அந்நிகழ்ச்சியைக் கருவாகக் கொண்டு 1956இல் நாவல் எழுதினார். மாடமோ அதற்கு முந்திய ஆண்டிலேயே மீண்டும் எழுந்துவிட்டது. இன்று குளத்திலே நிழல்விழ ஒளிரும் பொற்றகடு 1987இல் புதிதாகப் போர்த்தப்பட்டது. அப்படியாயின் இங்கே வந்தோர் காண்பது பழைய மாடமா, புதிய மாடமா? இவ்வினா ஊர்மக்களைப் பெரிதாக வருத்துவதாகத் தெரியவில்லை. எரிந்ததை எரிந்ததென ஏற்று, எஞ்சிய வரைபடங்களைத் தேடி, கைத்தொழில் அறிந்தோரைக் கூட்டி, அதே இடத்தில் அதே வடிவில் கட்டினர். மரமும் தகடும் மாறலாம். அவற்றை வைக்கத் தெரிந்த கை தொடர்ந்து இருக்கவேண்டும் என்பதே அவர்கள் கொண்ட பழைமை.

பொழுது சாயும் வேளையில் பயணி மேற்கிலுள்ள கிதானோ ஹக்குபைச்சோ நிலையத்திலிருந்து, மக்கள் 'ரந்தென்' எனச் செல்லமாக அழைக்கும் சிறு மின்வண்டியில் ஏறுகிறார். 1910இல் அராஷியாமா வழியில் தொடங்கிய இச்சேவையில் வண்டிகள் ஒற்றையாகவோ இரட்டையாகவோ ஓடுகின்றன. வீடுகளின் கொல்லைப்புறத்தை உரசியும், செரி மரங்களின் ஊடாகவும், சில இடங்களில் வீதியிலே மோட்டார்களோடு மோட்டாராகவும் அது செல்லும். மாநகரசபையின் டிராம்களோ இன்று இல்லை. மோட்டார் வாகனங்களின் பெருக்கத்தால் வீதியில் இடமிழந்து, ஒவ்வொரு வழியாக நிறுத்தப்பட்டு, 1978 செப்தெம்பர் 30ஆம் நாள் அவை முற்றாக ஓய்ந்தன. யப்பானுக்கு மின்சார டிராமை அறிமுகப்படுத்திய நகரம் தன் டிராமை இழந்தது. வழியின் குறுகலான வீதிகளில் பஸ் வண்டிகள் திணறும்போது, அன்றைய முடிவை எண்ணி ஏங்குவோர் இன்றும் உளர்.

ஓய்ந்த வண்டிகளிற் சில ஹிரோஷிமாவுக்கு அனுப்பப்பட்டன. 2020களிலும் அவற்றுட் சில அந்நகர வீதிகளில் ஓடின. இதன் பொருளை உணர 1945ஐ நினைத்தல் வேண்டும். அவ்வாண்டிலே அணுகுண்டுக்கு இலக்காகத் தெரியப்பட்ட நகரங்களின் பட்டியலில் கியோட்டோவும் இருந்தது. அமெரிக்க யுத்த மந்திரி ஸ்டிம்சன் அதனை நீக்குமாறு விடாப்பிடியாக நின்றார். அவர் முன்னர் அந்நகருக்கு வந்து கண்டவர். பட்டியலிற் பின்னர் நாகசாகி சேர்ந்தது. விமானக் குண்டுகள் சில கியோட்டோவிலும் விழுந்து உயிர்களைப் பலிகொண்டனவாயினும், நகரம் அழியாது நின்றது. ஆலயங்களைக் கண்டு வியக்கும் எவரும், தாம் காண்பது வேறொரு நகரம் காணாமற்போன கணக்கின் மறுபக்கம் என்பதை மறத்தலாகாது. தப்பிய நகரத்தின் பழைய வண்டி எரிந்த நகரத்தின் வீதியிலே, காலையில் வேலைக்குச் செல்வோரை ஏற்றிச் சென்றது. எந்த நினைவுச் சின்னமும் இதனினும் அடக்கமாகப் பேசிவிட முடியாது.

இனி, தொடக்கத்தில் எழுந்த வினாவுக்கு வருவோம். கியோட்டோ அங்கு வாழும் ஏறத்தாழ பதினான்கு இலட்சம் மக்களுக்கே உரியது என்று கூறிவிடுதல் எளிது. ஆயினும் 2020இல் பெருந்தொற்றினால் வெளியார் வருகை நின்றபோது பஸ் வண்டிகள் வெறுமையாக ஓடின. மாநகரப் போக்குவரத்துச் சேவை பெருநட்டத்தில் ஆழ்ந்தது. வெளியார் இடும் நாணயங்களே ஊரின் ஒதுக்குப்புற வழிகளிலும் வண்டியை ஓடச் செய்கின்றன என்பது அப்போது வெளிப்பட்டது. இன்றோ சாரதிகள் போதாமல் நாடெங்கும் சேவைகள் குறைகின்றன. 2024இல் வந்த வேலைநேர வரம்பு சாரதிகளின் நலனைக் காத்ததாயினும், பற்றாக்குறையைக் கூர்மையாக்கியது. கூட்டத்துக்கு ஏற்ப வண்டிகளைக் கூட்டிவிடுதலும் இயலாது. எனவே வருவோர் வேண்டும். வருவோரால் வாழ்வோர் வழியிழத்தலும் கூடாது. இவ்விரண்டையும் ஒரே வண்டியில் எவ்வாறு ஏற்றுவது என்பதே கேள்வி.

சட்டமும் கட்டணமும் இதிற் பாதியைச் செய்யும். மீதிப் பாதி வருபவரின் கையில் உள்ளது. பெரிய பெட்டியை நிலையத்திலே ஒப்படைத்துவிட்டு வருதல், இரண்டு தரிப்பிடத் தூரத்தை நடந்து கடத்தல், நிலத்தடி வழியுள்ள இடத்துக்கு அதனையே நாடுதல், நெருங்கிய வண்டியை ஊரார்க்கு விட்டு அடுத்ததற்குக் காத்தல் ஆகிய இவை சிறுசெயல்கள். ஒரு பகலில் பத்து ஆலயங்களைப் பார்த்துவிட வேண்டுமென்று ஓடுபவரால் இவை இயலா. நான்கு இடம் போதும் என்று அமைபவரால் இயலும். அவ்வாறு அமைபவருக்கே நகரமும் தன்னைக் காட்டுகின்றது. குழலூதும் கருடனையும், எதிர்த்திசையில் ஓடும் நீரையும், இருமுறை தலைதாழ்த்திய முதியவரையும் ஓடுபவர் கண்டிருக்க மாட்டார்.

அராஷியாமாவில் ரந்தென் நின்றுவிடுகின்றது. ஆற்றின்மேல் நீண்டு கிடக்கும் பாலத்தில் மாலைக்காற்று வீச, மேற்கு மலை கருமையடைகின்றது. அருகிலுள்ள புகையிரத நிலையத்திலிருந்து நகர் மையத்துக்குக் கால் மணி நேரப் பிரயாணமே. பெட்டியிலே, வேலை முடிந்தோரும் பாடசாலைச் சீருடையினரும் தோளோடு தோள் நின்று வீடு திரும்புகின்றனர். அவர்கள் எவருடைய கண்ணும் சன்னலுக்கு வெளியே பழைமையைத் தேடவில்லை. அது அவர்கள் வீட்டுக்குப் போகும் வழியில் இருக்கின்றது, அவ்வளவே. நாளைக் காலையிலும் அவர்கள் இதே வழியில் ஏறுவர். அவர்களுக்கு இடமிருக்கும்வரை அந்நகரம் பழைய நகரமாகவே இருக்கும்; அவர்கள் ஏற முடியாத நாளில், ஆலயங்கள் அனைத்தும் அப்படியே நின்றாலும், அது ஒரு நூதனசாலையாகிவிடும்.